கல்லடி மணலும் கிறவல் வீதியும்: ஒரு ரிமோட் ட்ரக்கின் சஸ்பென்ஷன் வேலை

நிஜ வண்டியில் பத்தில் ஒன்று அளவு, கரடுமுரடான தடத்தில் ஓட்டும் ஷார்ட் கோர்ஸ் வகை, பின்சில்லுகள் மட்டும் இழுக்கும் ரிமோட் ட்ரக். டொராண்டோவில் இருக்கும் மச்சான், தன் பிள்ளைக்கு ஆசை தீர்ந்ததும் என் அக்காவின் மகனுக்கென்று கொடுத்துவிட்டது. அங்கே தார் வீதியிலும் வெட்டிய புல்லிலும் ஓடியிருக்கிறது. இங்கே அதற்குக் கிடைத்தது மட்டக்களப்புக் கல்லடிக் கடற்கரையின் பொலபொலத்த மணலும் உப்புக்காற்றும். வலையிறவுப் பாலத்தைத் தாண்டினால் வாவிக்கு அப்பால் படுவான்கரைக் கிறவல் (சரளை மண்) வீதி. மோட்டரும் பற்றரியும் தாக்குப்பிடித்தன. சில்லுகளைத் தாங்கி அடியை வாங்கும் சஸ்பென்ஷன்தான் படுத்துவிட்டது.

மருமகன் என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தபோது பின்பக்கம் குந்திக்கொண்டு நின்றது. இடப்பக்கப் பின் ஷொக்கை (ஸ்பிரிங் சுற்றிய ஒயில் குழாய்) விரலால் அமுக்கினால் ஸ்பிரிங் மட்டுந்தான் எதிர்த்தது, உள்ளே ஒயில் வற்றியிருந்தது. முன்சில்லைப் பிடித்து ஆட்டினால் இரண்டு மில்லிமீற்றருக்குக் குறையாத ஆட்டம். மேடொன்றில் ஏறி விழுந்தால் மூன்று நான்கு தரம் துள்ளிவிட்டுத்தான் நேராகும், சில நேரம் நேராகாமலே கவிழும்.

இந்த நிலையில் ஒரு ட்ரக் இருந்தால் எல்லாரும் முதலில் தேடுவது நீலம், சிவப்பு என்று மினுங்கும் அலுமினியம் ஆர்ம்களை, அதாவது சில்லை வண்டியோடு இணைக்கும் கைகளை. மருமகனும் கைபேசியில் படத்தைக் காட்டி, "மாமா, இத மாத்தினா உடையவே உடையாதாம்" என்றான். பார்க்க வடிவுதான். ஆனால் நான் அதை வாங்கவில்லை.

அடி விழுந்தால் அந்த விசை எங்காவது போயாக வேண்டும். கல்லடிக் கரையில் வள்ளங்கள் ஏற்றிக் கிடக்கும், நங்கூரக் கயிறும் கட்டைகளும் மணலுக்குள் பாதி புதைந்து கிடக்கும். வேகத்தில் போகும் ட்ரக் அப்படி ஒன்றில் முட்டும்போது, சில்லு வாங்கிய அடி ஸ்டியரிங் கட்டைக்கும், அதிலிருந்து கீழ் ஆர்முக்கும், பிறகு ஆர்மைக் கீல் போலப் பிடித்திருக்கும் கம்பியான ஹிஞ்ச் பின்னுக்கும், கடைசியாகச் செசியோடு (அடிச்சட்டம்) பொருத்திய பல்க்ஹெட் என்ற தாங்கிக்கும் போகிறது. நைலோன் ஆர்ம் வளைந்து திரும்பும், மிஞ்சினால் ஒடியும். நான்கு ஸ்குரூ கழட்டினால் புதியதைப் பூட்டிவிடலாம். அலுமினியம் ஆர்ம் வளைந்து கொடுக்காது, அடியை அப்படியே பின்னால் தள்ளிவிடும். அப்போது வெடிப்பது பல்க்ஹெட். அதை மாற்ற முன்பக்கம் முழுவதையும் பிரிக்க வேண்டும். போதாததற்கு, ஒருமுறை கோணிய அலுமினியம் ஆர்ம் கோணியபடியேதான் இருக்கும். உடையாது என்பது உண்மை, நேராகவும் இருக்காது.

கடற்கரைக்காரருக்கு இன்னொரு காரணமும் உண்டு. அலுமினியத்துக்குள் இரும்பு ஸ்குரூ, இரண்டுக்கும் நடுவில் உப்புத்தண்ணீர் என்று வந்தால் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். வெள்ளைப் பொடி பூத்து ஸ்குரூ இறுகிவிடும். பிறகு அலன் கீயின் முனைதான் தேயும். நம் பக்கத்தில் வள்ளத்து இயந்திரம் வைத்திருப்பவர்களைக் கேட்டால் இந்தத் தொல்லையை மணிக்கணக்காகச் சொல்வார்கள்.

ஆகவே ஆர்ம் பிளாஸ்டிக்கில்தான் என்று முடிவு. அமெரிக்காவின் ஆர்பிஎம் கம்பனி செய்யும் நைலோன் ஆர்ம்கள் வளைந்து திரும்புவதற்குப் பேர் போனவை. மச்சானிடம் முன்னுக்கும் பின்னுக்கும் ஒவ்வொரு சோடி சொல்லி எடுப்பித்தேன். வந்ததும் பூட்டவில்லை, முதலில் அவித்தேன். நைலோன் தண்ணீரை உறிஞ்சும் பிளாஸ்டிக். காய்ந்த நைலோன் விறைப்பாகவும் முறியக்கூடியதாகவும் இருக்கும், ஈரம் ஏறினால் இளகி அடி தாங்கும். வருடக் கணக்காகப் பொதியில் கிடந்த பாகத்தைக் கொதிதண்ணீரில் அரை மணித்தியாலம் அளவில் போட்டு எடுப்பது ரிமோட் வண்டி ஓட்டும் ஆட்களிடையே பழைய பழக்கம். மட்டக்களப்புக் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு அது தானாகவே ஏறிவிடும், அவிப்பது அதை விரைவாக்குகிறது, அவ்வளவுதான். அக்காவின் சோற்றுப் பானையில் வைத்ததற்கு வாங்கிய ஏச்சை இங்கே எழுத முடியாது.

அலுமினியத்துக்குக் காசு கொடுக்க வேண்டிய இடம் ஷொக். அங்கே உலோகம் வேண்டியிருப்பது பலத்துக்காக அல்ல, துல்லியத்துக்காக. பிளாஸ்டிக் உடலின் மரை, மூடியை இறுக்க இறுக்க இழுபட்டுப் போகும், பிறகு அழுத்தம் ஏறும்போது ஒயில் மூடிப்பக்கம் கசியும். உள்சுவரும் மணலால் கீறுபட்டுவிட்டது. மாற்றாக வாங்கியது பெரிய துளை கொண்ட அலுமினியம் ஷொக். பழையதன் உள்விட்டம் வேர்னியரில் 10 மில்லிமீற்றருக்குக் கிட்ட, புதியது 12. இரண்டு மில்லிமீற்றர்தானே என்று தோன்றும், ஆனால் உள்ளே தண்டின் முனையில் ஒயிலுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனின் பரப்பு 44 வீதம் கூடுகிறது. அதே அசைவுக்குக் கூடுதலான ஒயில் பிஸ்டனின் துளைகளுக்குள்ளால் போகிறது. எதிர்ப்பு சீராக இருக்கும், ஒயில் சூடாவதும் மெதுவாகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மதியத்து மணலில் ஓட்டுகிற எங்களுக்கு இது சின்ன விசயமில்லை.

ஒயிலுக்குப் போனால் அங்கே ஒரு வாக்குவாதம். எங்கள் தெருமுனைக் கராஜ் அண்ணனிடம் ஷொக்கைக் காட்டினேன். மோட்டார் சைக்கிளின் முன்சில்லைத் தாங்கும் ஃபோர்க்கைக் கழுவிப் பூட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"இதென்ன மனே, ஃபோர்க்கின்ட குட்டியா? ஃபோர்க் ஒயில் இருக்கு, ஊத்திட்டுப் போ."

"ஓ-ரிங் ஊதிப்போகும் அண்ணன். இது சிலிக்கன் றப்பர்."

அவர் நம்பவில்லை. மேசையில் கிடந்த பழைய சிவப்பு ஓ-ரிங் (ஒயில் கசியாமல் தண்டைச் சுற்றியிருக்கும் றப்பர் வளையம்) ஒன்றை ஃபோர்க் ஒயில் ஊற்றிய போத்தல் மூடிக்குள் போட்டு வைத்தார். சில நாள் கழித்துப் போனபோது அதைப் புதியதொன்றின் பக்கத்தில் வைத்துத் தானே காட்டினார். தடித்து, விட்டம் கூடி, விரலால் அமுக்கினால் பிசுபிசுவென்று இருந்தது. பெற்றோலியத்தில் வரும் ஒயில் சிலிக்கன் றப்பருக்கு ஆகாது. ஊதிய ஓ-ரிங் தண்டை இறுக்கிப் பிடிக்கும், ஷொக் ஒட்டி ஒட்டி வேலை செய்யும், பிறகு கிழியும். தவிர, கனிய ஒயில் சூட்டில் நன்றாக இளகிவிடும். சிலிக்கன் ஒயிலும் இளகும்தான், ஆனால் அதைவிட மிகக் குறைவாக. காலையில் செய்த செட்டிங் மதியமும் ஏறக்குறைய அதேதான்.

சிலிக்கன் ஒயில் வாங்குவோருக்கு ஒரு விசயம். போத்தலில் 30 வெயிட், 40 வெயிட் என்று போட்டிருப்பது கம்பனிக்குக் கம்பனி மாறும். ஒயிலின் தடிப்பைக் காட்டும் சென்டிஸ்டோக் கணக்கைப் பாருங்கள், அதுதான் ஒப்பிடத் தகுந்தது. பொதுவாக 30 வெயிட் என்றால் 350 சென்டிஸ்டோக் அளவு, 40 என்றால் 500 அளவு.

ஊற்றும் வேலையை ஆறுதலாகச் செய்ய வேண்டும். பலகை ஒன்றில் நான்கு துளை போட்டு, நான்கு ஷொக்கையும் தலைகீழாகாமல் நிமிர்த்தி நிறுத்தினேன். ஓ-ரிங்குகளுக்குச் சிலிக்கன் கிறீஸ் பூசி, தண்டின் மரையில் ஓ-ரிங் கீறுபடாமல் இருக்க மரைக்கு மேலே பொலித்தீன் துண்டொன்றைச் சுற்றித் தண்டை உள்ளே விட்டேன். பிஸ்டனைக் கீழே இழுத்து விட்டு, விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வரை ஒயில். பிறகு தண்டை மெல்ல மேலும் கீழும். பிஸ்டனின் துளைகளிலிருந்து குமிழிகள் கோர்வையாக ஏறி வரும், முதலில் பெரியவை, பிறகு கண்ணுக்கு மட்டுமட்டாய்த் தெரிகிற பொடிக் குமிழிகள். வேகமாக ஆட்டினால் பிஸ்டனே புதுக் காற்றை இழுத்து ஒயிலைப் பால் மாதிரி ஆக்கிவிடும். ஒயில் கண்ணாடி போலத் தெளியும்வரை விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம்.

மூடி போடும்போது தண்டு பாதியளவு உள்ளே இருக்க வேண்டும். காரணம் எளிது. 3 மில்லிமீற்றர் தண்டு 25 மில்லிமீற்றர் உள்ளே போனால் அது ஏறக்குறைய 0.18 மில்லிலீற்றர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒயிலை அமுக்கிச் சிறிதாக்க முடியாது. அந்த இடத்தை விட்டுக் கொடுக்கத்தான் மூடிக்குள் மெல்லிய றப்பர் பை இருக்கிறது. விளிம்புவரை ஒயில் நிரப்பித் தண்டை வெளியே இழுத்த நிலையில் மூடியை இறுக்கினால் ஷொக் முழுவதும் அமுங்காது, அமுக்கினாலும் கசியும். பாதியில் வைத்து மூடும்போது மிச்ச ஒயில் விளிம்பால் வழியும், துணி வைத்துக்கொள்ளுங்கள். பூட்டியதும் ஸ்பிரிங் போடாமலே தண்டை முழுக்க அமுக்கி விட்டுப் பார்க்க வேண்டும். கொஞ்சம் வெளியே வந்து நிற்பது நல்லது. இடது எவ்வளவு வருகிறதோ வலதும் அவ்வளவே வர வேண்டும். ஒன்று துள்ளி வந்து மற்றது செத்துக் கிடந்தால் திரும்பத் திறந்து ஒயிலைச் சரிப்படுத்தாமல் ட்ரக்கில் பூட்டாதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பது, எந்த எண் ஒயில் என்பதைவிட முக்கியம்.

ஷொக் தண்டுதான் மணலுக்கு முதல் இரை. தண்டில் ஒட்டிய மணல் ஓ-ரிங்கைத் தாண்டி உள்ளே போகும், போகும்போது கீறும், அந்தக் கீறலால் ஒயில் வெளியே வரும். வந்த ஒயில் இன்னும் மணலைப் பிடிக்கும். இதற்குச் சின்ன றப்பர் உறைகள் விற்பார்கள். நான் பிறந்தநாள் பலூனின் கழுத்துப் பகுதியை வெட்டி, மேலே ஷொக்கின் அடிமூடியிலும் கீழே தண்டின் முனையிலும் மெல்லிய கேபிள் டையால் கட்டிவிட்டேன். இறப்பர் பாலில் செய்த பலூனைச் சிலிக்கன் ஒயில் ஒன்றும் செய்யாது. வெயிலில் பலூன் காய்ந்து வெடிக்கும், அப்போது மாற்றிக்கொள்ளலாம். ஒரு பைக்கற் பலூன் பல காலத்துக்கு வரும். கட்டும்போது தண்டு முழுவதும் வெளியே இருக்கும் நிலையில் அளவெடுங்கள், இல்லையென்றால் சில்லு கீழே இறங்கும்போது பலூன் இழுத்துப் பிடிக்கும்.

இனி ஹிஞ்ச் பின். பழையவை இரும்பு, துரு ஏறி ஆர்மோடு ஒட்டிப்போயிருந்தன. டபிள்யூடி-40 அடித்து இரவு முழுக்க விட்டு, காலையில் குறட்டால் பிடித்துத் திருகித் திருகித்தான் எடுத்தேன். இதற்கு வெளிநாட்டுச் சாமான் தேவையில்லை என்று நினைத்து, வள்ளத்து இயந்திர வேலை செய்யும் லேத் கடைக்குப் போனேன். மூலையில் வெட்டுத்துண்டுக் குவியலில் 3 மில்லிமீற்றர் ஸ்டெயின்லெஸ் கம்பி கிடந்தது. காந்தம் ஒட்டவில்லை. காந்தம் ஒட்டாததெல்லாம் 304 என்ற நல்ல ஸ்டெயின்லெஸ் வகை என்று நினைக்கக் கூடாது, மலிவான 200 வரிசைக் கம்பிக்கும் ஒட்டாது, அது உப்பில் துருப்பிடிக்கும். ஆனால் இந்தத் துண்டு வள்ளத்தில் பூட்டும் சாமானுக்கு எடுத்ததன் மிச்சம், அதன் மற்றப் பாதி ஏற்கெனவே கடலில் ஓடிக்கொண்டிருக்கிறது. அது போதும் எனக்கு.

பழைய பின்னையும், அது நழுவாமல் பிடிக்கும் ஈ-கிளிப்பையும் மாதிரிக்குக் கொடுத்தேன். நீளத்துக்கு வெட்டி, இரண்டு முனையிலும் கிளிப் இருக்கும் பள்ளத்தை இழைத்துக் கொடுத்தார் லேத் ஐயா. மெல்லிய கம்பி லேத்தில் வளையும் என்பதால் லேத்தின் பிடிவாயிலிருந்து மிகக் கொஞ்சமாக வெளியே விட்டு, வெட்டும் கத்திக்குப் பதிலாக அரைத்து மெலிதாக்கிய ஹக்சோ பிளேடுத் துண்டைப் பிடித்துத்தான் பள்ளம் போட்டார். காசு வாங்கவில்லை. "ஓட்டிக் காட்டு" என்று மட்டும் சொன்னார்.

ஸ்டெயின்லெஸ் ஹிஞ்ச் பின், சூடாக்கிக் கடினமாக்கிய இரும்புப் பின்னைவிட மென்மை, பலத்த அடியில் முதலில் வளையும். அது எனக்குப் பிரச்சினையில்லை. துருப்பிடித்து ஆர்மோடு ஒட்டிய நேரான பின்னைவிட, வளைந்தாலும் இழுத்தால் வருகிற பின் மேல். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ஹிஞ்ச் பின்னுக்குக் கிறீஸோ தேங்காயெண்ணெயோ போடாதீர்கள். மணல் அதில் ஒட்டி அரைக்கும் பசையாகிவிடும். வறட்டுப் பின்னில் மணல் நிற்காது, உதிர்ந்துவிடும்.

ஆர்முக்கும் பல்க்ஹெட்டுக்கும் இடையில் முன்பின்னாக இருந்த ஆட்டத்தை எடுக்க மெல்லிய வோஷர் வேண்டும். இதற்குச் சோடாப் போத்தலின் பிளாஸ்டிக் அருமையான சாமான். வேர்னியரில் 0.3 மில்லிமீற்றர் அளவு காட்டியது. நடுப்பகுதியை நாடா போல வெட்டி, முதலில் 3 மில்லிமீற்றர் துளைகளை வரிசையாகப் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு அலுவலகத்தில் கடதாசிக்கு ஓட்டை போடும் பஞ்சைத் தலைகீழாகப் பிடித்து, அடித்தட்டைக் கழட்டிவிட்டால் அதன் வட்டத் துளை தெரியும். நாடாவை உள்ளே விட்டு, போட்ட துளை வட்டத்துக்கு நடுவில் வரும்போது அமுக்கினால் 6 மில்லிமீற்றர் வோஷர் விழும். வட்டத்தை முதலில் வெட்டிவிட்டு நடுவில் துளை போட நினைத்தால் அது துளைக்கும் ஊசியோடு சேர்ந்து சுற்றும், விரலும் போகும். ஆர்ம் தன் பாரத்திலேயே கீழே விழ வேண்டும், ஆனால் முன்பின்னாக அசையக் கூடாது. அந்த அளவுக்கு எத்தனை வோஷர் போகிறதோ அத்தனை போடுங்கள். மருமகன் இந்த வேலையில் இறங்கி, தேவைக்கு மேலே ஒரு தீப்பெட்டி நிறைய வெட்டி வைத்திருக்கிறான்.

சில்லுப் பேரிங்குகளையும் மாற்றினேன், 5க்கு 11க்கு 4 மில்லிமீற்றர். இரும்புத் தகடு மூடியது வேண்டாம், றப்பர் மூடியதை வாங்குங்கள். சில்லு ஆட்டத்தில் பாதி இங்கேதான் இருந்தது.

செட்டிங். மணலும் கிறவலும் இரண்டு விதமான கேள்வி கேட்கின்றன. கல்லடி மணலில் மேடுகள் பெரியவை, உருண்டவை. ட்ரக் எழும்பி விழும்போது தடுக்கத் தடித்த ஒயில் நல்லது. படுவான்கரைக் கிறவல் வீதியில் மழைக்குப் பிறகு வரும் சின்னச் சின்ன வரிகளில் சில்லு நொடிக்குப் பலமுறை ஏறி இறங்க வேண்டும். அங்கே ஒயில் தடித்தால் சில்லு கீழே வருவதற்குள் அடுத்த வரி வந்துவிடும், ட்ரக் பக்கவாட்டில் வழுக்கும். ஒவ்வொரு தடவையும் ஒயில் மாற்ற யாருக்கும் பொறுமை இல்லை. எனவே ஒயிலைக் கிறவலுக்கு ஏற்றபடி வைத்தேன்: முன்னுக்கு 30 வெயிட், பின்னுக்கு 35. மணலுக்குப் போகும்போது பின் ஷொக்கின் மேல்முனையை, அதைப் பூட்டும் தகடான டவரின் வெளித்துளைக்கு மாற்றி, ஸ்பிரிங் வளையத்தைக் கொஞ்சம் கீழே திருகிப் பின்பக்கத்தை உயர்த்துவேன். ஷொக் நிமிர நிமிர அதே ஸ்பிரிங் கடினமாக உணரப்படும், உள்துளையில் சாய்த்து வைத்தால் தொடக்கத்தில் மென்மை. இரண்டு ஸ்குரூ வேலை, ஓட்டும் இடத்தில் நின்றபடியே செய்யலாம்.

சரி வந்ததா என்று பார்க்க, பற்றரியோடு ட்ரக்கை ஒரு அடி உயரத்திலிருந்து தரையில் விட்டுப் பாருங்கள். அடித்தகடு தரையைத் தொட்டும் தொடாமலும் வந்து, ஒரு தரம் எழும்பி, அப்படியே நிற்க வேண்டும். பலத்த சத்தத்தோடு மோதினால் ஒயில் மெல்லியது அல்லது ஸ்பிரிங் போதாது. அமுங்காமலே துள்ளினால் ஒயில் தடிப்பு. முன்சில்லின் சாய்வைக் கைபேசியின் மட்டம் பார்க்கும் செயலியை டயரில் ஒட்டிப் பிடித்து, மேல்பக்கம் உள்நோக்கி ஒரு பாகை வைத்தேன். மணலில் இதற்குப் பெரிய அர்த்தமில்லை, கிறவலில் வளைவில் தெரியும்.

புதிய பாகங்களோடு கடற்கரையில் விட்டதும் மருமகன் முதலில் செய்தது, வழக்கமாகக் கவிழும் மேட்டில் முழு வேகத்தில் ஏற்றியதுதான். எழும்பிப் போய் நான்கு சில்லும் ஒன்றாக விழுந்து, நிற்காமல் ஓடியது. "மாமா, துள்ளல்ல!" என்று அவன் கத்தியதில் வலையைச் சரிசெய்துகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களில் ஒருவர் ரிமோட்டைக் கேட்டு வாங்கி, வள்ளத்தின் அணியத்தில் நேராகவே முட்டினார். முன் ஆர்ம் வளைந்து திரும்பியது. ஹிஞ்ச் பின் ஒன்று லேசாகக் கோணியது. வீட்டுக்கு வந்து குறட்டால் இழுத்ததும் வந்துவிட்டது, லேத் கம்பியின் மிச்சத்தில் இன்னொன்று இருக்கிறது.

உப்பில் ஓடிய நாளில் வாளித் தண்ணீரால் கழுவி, பேரிங்குக்கு ஒரு துளி மெல்லிய எண்ணெய் விட்டு, பலூனில் கிழிசல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன். கிறவலில் முன்பக்கம் இன்னும் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கிறது, ஸ்பிரிங் ஒரு படி மென்மையாக வேண்டும். அடுத்த முறை வரும்போது கொண்டு வரும்படி மச்சானுக்குச் சொல்லியாயிற்று, கூடவே ஒரு சோடி முன் ஆர்மும்.